அக்கா திரும்பி வந்த நாடகம்

போன ஐப்பசியில் தம்பி போன் செய்து, வரும்போது ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு வரச் சொன்னான். குறுவையை அறுத்துக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்து வைத்துவிட்டு அவன் காவலுக்கு உட்கார்ந்திருந்தான். நெல்லில் ஈரம் கூடுதலாக இருக்கிறது, காய வைத்துக் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்களாம். காய வைக்க வெயில் வேண்டுமே. வானம் இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. ஊர்ப்பக்கக் கடைகளில் பாய் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. நான் கும்பகோணத்தில் குடியிருப்பவள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தும் விவசாயத்துக்கு நான் செய்த தொண்டு, இப்படி யாராவது சொன்னதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதோடு சரி.

மயிலாடுதுறை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடித்த பாயை மடியில் வைத்துக்கொண்டேன். குத்தாலம் தாண்டியதும் மேகம் கொஞ்சம் விலகி, வெயில் நேராக அந்தப் பாயின்மேல் விழுந்தது. சூடு ஏற ஏற அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. தாரும் பிளாஸ்டிக்கும் கலந்த, தொண்டையில் போய் உட்காரும் வாடை. பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பொத்தத் தோன்றவில்லை. அந்த வாடைக்குள் நான் ஒரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

சுனாமி வந்துபோன பிறகு கடற்கரைச் சனங்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பு என்று கட்டிக் கொடுத்தார்களே, உங்களுக்கு நினைவிருக்கலாம். கறுப்புத் தார் அட்டையால் சுவர், அதே அட்டையால் கூரை, ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒன்றை ஒட்டி ஒன்று. சித்திரை வெயிலில் அந்த அட்டை இளகும். கை வைத்தால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். பகலில் உள்ளே யாரும் இருக்க முடியாது. பூம்புகாருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் அப்படியொரு வரிசையின் கடைசிக் கொட்டகைதான் எங்கள் ஆபீஸ். அதில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நான்.

அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பெண் வேலைக்குப் போவது அவருக்குப் பிரச்சினையில்லை. போகிற இடம்தான் பிரச்சினை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கொல்லைப்பக்கமாக வரச் சொல்லி, குளித்துவிட்டு உள்ளே வா என்பாள். அந்தக் கடற்கரையிலிருந்து வரும் மீனைத்தான் எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் சாப்பிட்டோம் என்பது வேறு விஷயம். குப்பத்தில் எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். எனக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது.

பெண்களை வைத்து ஒரு கலைக்குழு அமைத்து, கை கழுவுவதைப் பற்றி நாடகம் போட வேண்டும் என்பது எனக்கு வந்த உத்தரவு. நாடகமே சென்னையிலிருந்து டைப் அடித்து வந்துவிட்டது. 'அன்புச் சகோதரிகளே, உணவு உண்ணும் முன் கைகளைச் சோப்பினால் கழுவுகிறீர்களா?' என்று அது ஆரம்பமாகும். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண்கள் ஏழெட்டுப் பேரை மத்தியானத்தில் உட்கார வைத்து, நான் ஏற்ற இறக்கத்தோடு அதை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் தூணில் சாய்ந்திருந்த ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"தண்ணி எங்க இருக்குன்னு அந்தப் பேப்பர்ல எழுதியிருக்கா டீச்சர்?"

குடியிருப்புத் தொட்டிக்கு மூன்று நாளாகத் தண்ணீர் வந்திருக்கவில்லை. கொட்டகை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையில் சேர்ந்த பிறகு நான் முதல்முறை சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கேட்டவர் அஞ்சலை அக்கா. நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, தலையில் சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி தேய்ந்திருக்கும். கணவர் எப்போதோ இறந்துவிட்டார். கரையில் ஏலத்துக்கு வரும் மீனை எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, உள்நாட்டு ஊர்களில் வீடு வீடாக விற்பார். நெல் அறுப்புக் காலத்தில் காசுக்குப் பதில் நெல்லாகவும் வாங்கிக்கொள்வார். எங்கள் பக்கத்து ஊர்வரைக்கும் வந்திருக்கிறார். அலை வந்த காலையில் முந்தின நாள் மீனை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போயிருந்ததால் பிழைத்தார். வீட்டில் விட்டுப் போன மகள் பிழைக்கவில்லை.

இத்தனை வீட்டு வாசலில் நின்று பேரம் பேசியதில் அவருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. கதவைத் திறந்து பாதி முகத்தை மட்டும் காட்டும் வீட்டுக்காரி, மீனைத் தொடாமல் விரல் நுனியால் சுட்டிக்காட்டி விலை கேட்கும் அம்மாள், பேரத்துக்கு நடுவே உள்ளே போய்ப் புருஷனைக் கேட்டு வருகிறவள் என்று ஒவ்வொருத்தியாக நடித்துக் காட்டுவார். குரல் மாறும், கழுத்துச் சாயும் விதம் மாறும். ஒருநாள் ஒருத்தியை நடித்தார். அது என் சித்தி. சந்தேகமே இல்லை. அந்த ஊரில் அந்தத் தெருவில் தாமரைக்குளத்துப் பக்கத்து வீடா என்று கேட்டேன். "ஒங்க சொந்தமா?" என்று கேட்டு, அதற்கப்புறம் என் எதிரில் சித்தியை மட்டும் அவர் நடிக்கவேயில்லை.

கை கழுவும் நாடகம் மூலையில் கிடந்தது. பெண்கள் மட்டும் மத்தியானமானால் வந்து உட்கார்ந்தார்கள். மீன் விற்ற களைப்போடு, தார் வாடைக்குள், வியர்வை வழிய. ஏன் வருகிறார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் அழ முடியாது, ஆண்கள் எதிரில் சிரிக்க முடியாது, இங்கே இரண்டும் முடிந்தது. அவ்வளவுதான் காரணம்.

அந்தக் கூட்டத்துக்குச் சில நாள் கவிதாவும் வருவாள். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண். கணக்கில் நன்றாக மார்க் வாங்குவாள். அவளுடைய அக்கா மலர் அலையில் போய்விட்டாள். மலருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு மூன்று வயது, சின்னவன் பால்குடி. அலை வந்தபோது பிள்ளைகள் அம்மாச்சி வீட்டில் இருந்தார்கள், மலர் கரையில் இருந்தாள். கவிதாவின் அம்மா காசியம்மாதான் இப்போது இரண்டையும் வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கவிதா வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. கேட்டபோது பூங்காவனம் சொன்னார். பூங்காவனம் எங்கள் குழுவில் பெரிய உருவம், பெரிய சிரிப்பு. அன்றைக்குச் சிரிக்காமல் சொன்னார். மலரின் புருஷனுக்கே கவிதாவைக் கட்டிக் கொடுக்கப் பேசிவிட்டார்களாம். தை பிறந்ததும் கல்யாணம்.

இது அந்த ஒரு குடும்பத்தில் மட்டும் நடந்ததில்லை. கடற்கரை நெடுக அந்த வருஷம் அப்படித்தான் இருந்தது. போனவர்களில் பெண்களே அதிகம். பிள்ளைகளோடு நின்ற ஆண்களுக்கு உடனே ஒரு பெண் தேவைப்பட்டாள். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவாள், தங்கச்சி என்றால் தன் இரத்தம் என்று பார்ப்பாள். நியாயம் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். அந்தத் தங்கச்சிக்குப் பதினைந்து வயது என்பதை மட்டும் அந்தப் பேச்சில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

அன்று மத்தியானம் கொட்டகையில் இதே பேச்சுதான். அப்புறம் அஞ்சலை அக்கா, யாரிடம் என்றில்லாமல், மலர் இப்போது திரும்பி வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டார். புடவையைத் தேடுவாள் என்றாள் ஒருத்தி. அரிவாள்மனையைத் தேடுவாள், எதிர்வீட்டுக்காரி வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்றாள் இன்னொருத்தி. பிள்ளைகள் தலையைத் தடவிப் பார்ப்பாள். புருஷன் இளைத்திருக்கிறானா என்று பார்ப்பாள். ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, அஞ்சலை அக்கா எழுந்து நின்று அதைச் செய்து காட்ட ஆரம்பித்தார். எங்கள் நாடகம் அப்படித்தான் பிறந்தது. யாரும் எழுதவில்லை. நான் பேனாவை எடுத்தபோது, "எழுதாதீங்க டீச்சர். எழுதுனா நாளைக்கும் அதத்தான் சொல்லணும்" என்றார்.

கடலில் போன அக்கா ஒருநாள் கரையேறி வீட்டுக்கு வருகிறாள். தன் சாமான்களைத் தேடுகிறாள். தன் கல்யாணப் புடவையை யாரோ கட்டியிருக்கிறார்கள். கிட்டே போய் முகத்தைத் திருப்பிப் பார்த்தால், தன் தங்கச்சி. கதை அவ்வளவுதான். அக்காவாக அஞ்சலை, அவள் புருஷனாக அடுப்புக்கரி மீசையோடு பூங்காவனம். பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டோம். அது யாருடைய கதை என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உங்கள் மகளை ஏன் இதில் சேர்க்கவில்லை என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு வயதில் எதையும் கேட்டுவிடலாம் என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. "அது வேற. அத எடுத்தா கத வராது, அழுகதான் வரும்" என்றார்.

மலரின் புருஷன் முருகேசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனை ஒரு அரக்கனாகவே மனதில் வைத்திருந்தேன். ஒருநாள் டீக்கடை ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். முப்பது வயது இருக்கலாம். என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேசினான். நாடகம் போடுகிறீர்களாமே என்று கேட்டான். ஆமாம் என்றேன். சைக்கிள் பெல்லை அழுத்தாமல் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"எனக்கும் வேண்டாந்தாங்க. அந்தப் புள்ளைய நான் தோள்ல தூக்கித் திரிஞ்சிருக்கேன். ஆனா நா கடலுக்குப் போயிட்டா, எம்புள்ளைங்க யாருகிட்டங்க படுக்கும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாள். மழை விட்டிருந்தது. மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே, மாரியம்மன் கோயிலுக்கு எதிர் மணலில் நாடகம் போட்டோம். கை கழுவும் நாடகம் என்றுதான் ஊர்த் தலைவர்களிடம் அனுமதி வாங்கியிருந்தது. ஊர் விஷயம் பேசும் கூட்டத்தில் அங்கே பெண்கள் உட்காரக் கூடாது. தள்ளி நின்றுகூடக் கேட்கக் கூடாது. கோயிலுக்கு எதிரில் பெண்கள் நின்று பேசி, ஆண்கள் மணலில் உட்கார்ந்து கேட்டது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

அஞ்சலை அக்கா படகு மறைவில் நின்று ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, புடவை சொட்டச் சொட்ட நடந்து வந்தார். முடி முகத்தில் ஒட்டியிருந்தது. பின்னால் நிஜக் கடல். ஆனால் அவர் முதலில் அழ வைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம் போய், "செத்துட்டா அரிவாமனைய குடுக்கத் தேவயில்லன்னு நெனச்சிட்டியாடி" என்று ஆரம்பித்தார். ஊரே சிரித்தது. ஆண்கள் சிரித்தார்கள். தலைவர்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தங்கச்சியின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

புருஷனை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவாக நடித்த பெண்ணிடம்தான் திரும்பினார்.

"ஒரு பொண்ண கடலு எடுத்துக்கிச்சி. நீ தடுக்க முடியாது, சரி. இன்னொருத்திய நீயா ஏம்மா தூக்கிக் குடுக்குற?"

அம்மாவாக நடித்தவள் தலைகுனிய வேண்டும். அதுதான் ஒத்திகையில் இருந்தது. ஆனால் பதில் கூட்டத்திலிருந்து வந்தது. காசியம்மா எழுந்து நின்றிருந்தார். இடுப்பில் அந்தச் சின்னப் பையன். அவர் அஞ்சலையைப் பார்க்கவில்லை, மலரைத்தான் பார்த்தார்.

"நான் என்னடி பண்ணுவேன்? நீ பெத்துப் போட்டுட்டுப் போயிட்ட. எனக்கு இன்னும் எத்தன நாளு?"

அஞ்சலை அக்கா நாடகத்தை விட்டு வெளியே வரவில்லை. ஈரப் புடவையோடு மணலில் நடந்து போய் காசியம்மாவின் எதிரில் நின்று, பையனின் தலையில் கை வைத்தார். நீ இருக்கிற மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள், அதற்குள் தங்கச்சி படித்துவிடுவாள், அப்புறம் என் பிள்ளைகளுக்கு அவளே சித்தியாக இருப்பாள், எனக்குச் சக்களத்தியாக வேண்டாம் என்று சொன்னார். காசியம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சுற்றியிருந்த பெண்கள் அழுத சத்தத்தில் அதற்கப்புறம் வந்த வசனம் எதுவும் காதில் விழவில்லை. நிறுவனத்திலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் மட்டும் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருஷ ஆண்டறிக்கையில் அந்தப் படம் வந்தது. ஈரம் சொட்ட நிற்கும் அஞ்சலை அக்காவுக்குக் கீழே, 'கை கழுவுதல் விழிப்புணர்வு நாடகம்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, கல்யாணப் பேச்சு நின்றது. காசியம்மா, பெண் பரீட்சை எழுதட்டும் என்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை காலை கவிதா யூனிபார்மோடு பஸ்ஸுக்கு நின்றதை நான் பார்த்தேன். ஒரு கதை சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, முதலில் குளித்துவிட்டு வா என்றாள்.

பக்கத்துக் குப்பங்களிலிருந்து பெண்கள் வந்து கூப்பிட்டார்கள். மீன் விற்கப் போகும் பஸ்ஸிலேயே சேதி பரவியிருந்தது. நாங்கள் போனோம். போன இடமெல்லாம் அஞ்சலை அக்கா கதையை அந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றினார். ஓர் ஊரில் கூட்டத்தில் இருந்த ஒரு பெண், இதே மாதிரி அக்கா புருஷனுக்குப் பேசி வைத்திருந்தவள், மறுநாள் தன் அத்தை வீட்டுக்கு ஓடிப்போய்விட்டாள். அதோடு எங்கள் காலம் முடிந்தது.

அந்த ஊர்த் தலைவர்கள் எங்கள் ஊர்த் தலைவர்களிடம் வந்தார்கள். கோயிலுக்கு எதிரில் கூட்டம் போட்டார்கள். அஞ்சலை அக்காவைக் கூப்பிடவில்லை. பெண்ணைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அவருடைய தம்பியை நிற்க வைத்துத் தீர்ப்பைச் சொன்னார்கள். இனி நாடகம் கிடையாது. அஞ்சலை கோயில் வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும்வரை கரையில் நடக்கும் ஏலத்தில் அவருக்கு மீன் கிடையாது. அவரிடம் பேசுகிறவர்களுக்கும் அதே கதி. கொட்டகையில் மத்தியானம் கூடிய பெண்களை அவரவர் வீட்டு ஆண்கள் நிறுத்திவிட்டார்கள். பூங்காவனம் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனார். அவருக்கு மூன்று பிள்ளைகள், இன்னும் வீடு ஒதுக்கவில்லை. அவர் என்ன செய்வார்.

அஞ்சலை அக்கா விழவில்லை. விடியற்காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் நிற்பார். ஏலம் கூறுகிறவர் அவர் குரல் காதில் விழாத மாதிரி அடுத்தவருக்குப் போவார். எல்லாம் முடிந்து கரை காலியான பிறகு வெறுங்கூடையோடு திரும்புவார். அடுத்த துறைக்கு நடந்து போய்ப் பார்த்தார். அங்கேயும் சொல்லி வைத்திருந்தார்கள்.

கவிதாவின் கல்யாணப் பேச்சு மறுபடி கிளம்பியதும் எங்கள் நிறுவனத்து மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர்தான். அந்தக் கிராமத்தில் நிரந்தர வீடுகள் கட்ட அஸ்திவாரம் தோண்டியிருந்த சமயம். பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் இருக்கும்மா. ஊரும் இருக்கு. வீடு கட்ட ஊர்தானே எடம் காட்டணும்" என்றார். நானும் ஒரு சினேகிதியும் சேர்ந்து கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். ஒரு ஜீப் வந்தது. இங்கே அப்படி ஒரு கல்யாணமும் இல்லை என்று ஊர் சொன்னது. ஜீப் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த மாதம் என்னை வேதாரண்யம் பக்கம் உப்பளத் திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கவிதாவின் கல்யாணம் பரீட்சைக்கு முன்பே நடந்தது. சீர்காழிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், காலையில், வீட்டு ஆட்கள் மட்டும். இனி ஊரில் யாரும் அவர்களோடு பேச மாட்டார்கள் என்று சொன்னதும் காசியம்மாவால் தாங்க முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அஞ்சலை அக்கா அதற்கு முன்பே ஊரை விட்டுப் போயிருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலை. ஓரிரு முறை போனில் பேசினேன். அங்கே யாருக்காவது கதை சொல்கிறீர்களா என்று கேட்டேன். மிஷின் சத்தத்தில் பேசுவதே கேட்காது என்றார். அப்புறம் அந்த எண் வேலை செய்யவில்லை. கொரோனாவின்போது இறந்துபோனாராம். இடையில் மறுபடி பேச ஆரம்பித்திருந்த பூங்காவனம் அதை என்னிடம் சொன்னது பல மாதம் கழித்து, வேறு ஏதோ பேசும்போது.

நாலைந்து வருஷத்துக்கு முன் மயிலாடுதுறை பஸ் நிலையத்தில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இரண்டு கட்டைப் பை, கழுத்தில் தடித்த தாலிச்சரடு. டீச்சர் என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, கவிதா. முப்பதைத் தாண்டியிருந்தாள், பார்த்தால் இன்னும் கூடத் தெரிந்தாள். அவளுக்கென்று இரண்டு பிள்ளைகள். காசியம்மா போய்விட்டார். முருகேசன் நல்லவிதமாகத்தான் இருக்கிறான், குடிப்பதில்லை. அக்காவின் பெரியவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அவளுக்கு அவ்வளவாக விருப்பம் இல்லையாம், மேலே படிக்க வேண்டும் என்று அழுதாளாம்.

"நாந்தான் டீச்சர் பேசி சம்மதிக்க வச்சேன்" என்றாள்.

அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். அந்த நாடகம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று அப்போதே தோன்றியது. அவள் பைகளைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊருல எத்தன பொண்ணுங்க அப்படிப் போச்சு. அதுங்களுக்கெல்லாம் இதுதான் வாழ்க்கன்னு தெரியும். எனக்கு மட்டும் வேற ஒண்ணும் இருக்குன்னு அந்த அஞ்சல அக்கா காட்டிடிச்சி. தெரியாமலே போயிருந்தா நான் நல்லா இருந்திருப்பேன் டீச்சர்."

அவள் பஸ் வந்தது. பைகளில் ஒன்றை நான் தூக்கிக் கொடுத்தேன். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையசைத்தாள்.

தார் அட்டைக் கொட்டகைகள் இருந்த இடத்தில் இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சனங்கள் உள்ளே தள்ளிக் கட்டிய கான்கிரீட் காலனியில் இருக்கிறார்கள். அந்தத் தொண்டு நிறுவனத்தை மூடிவிட்டார்கள். மத்தியானத்தில் பெண்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்வது நின்றுபோயிற்று. மீன் விற்ற கையோடு அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் படுத்துவிடுகிறார்கள் என்று பூங்காவனம் சொன்னார். நாடகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒண்ணு போட்டமா என்று சிரித்தார். மறந்துவிட்டாரா, மறந்துவிட முடிவு செய்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. கவிதாவின் பிள்ளைகளுக்கோ அந்த ஊரின் வேறு எந்தப் பிள்ளைக்கோ இப்படியொன்று நடந்தது தெரியாது.

அன்று தம்பியின் நெல்லைப் போர்த்திவிட்டுத் திரும்பி வந்து, சாப்பிடும்போது என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு இப்போது பதினைந்து. அக்கா கரையேறி வருவது, அரிவாள்மனை கேட்பது, தங்கச்சியின் முகத்தைத் திருப்புவது எல்லாம் கோர்வையாக வந்தது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில் அந்த அக்கா கடலுக்குத் திரும்பிப் போக வேண்டுமே, போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போவாள் என்றாள்.

அந்த இடத்தில் அஞ்சலை அக்கா கடலைப் பார்த்து நடந்துகொண்டே, திரும்பாமல், ஒன்று சொல்வார். ஊருக்கு ஊர் அதை மாற்றுவார். எல்லா ஊரிலும் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நடை நினைவிருக்கிறது, ஈரப் புடவை மணலில் இழுபட்டது நினைவிருக்கிறது. சொன்னது ஒன்றுகூட வரவில்லை.

மகள் காத்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ ஒன்றைச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது, அவளும் தலையாட்டினாள். அது அஞ்சலை அக்கா சொன்னதில்லை.